மார்பில் கொழுப்புக் கட்டி: மலையில் இருப்பவர்களுக்கு அதிகம் வருமா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 46. இடது மார்பில், அக்குள் பக்கமாக மேலே, பெரிய நெல்லிக்காய் அளவில் மெத்தென்று ஒரு கட்டி. வலி இல்லை. ஸ்கேன் எடுத்ததில் ‘லிப்போமா’, அதாவது கொழுப்புக் கட்டி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முதுகில் ஒன்றும் சித்திக்கு முன்கையில் இரண்டும் இருக்கின்றன. ‘மலைக் குளிரில் கொழுப்பு உறைஞ்சு போகுது, அதனால நம்ம ஜனங்களுக்கு இது ஜாஸ்தி’ என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எந்த நாட்டில், எந்த இனத்தில் இது அதிகம், எங்களுக்குத்தான் அதிகமா என்று கேட்கிறார். எழுதியது இவ்வளவுதான். ஆனால் இரண்டு முறை படித்துப் பார்த்தபோது அவர் மனசுக்குள் இருக்கும் கேள்வி வேறு என்று பட்டது: ‘நம்ம ஆட்களுக்கு வழக்கமாக வருவதுதான் என்றால், இதைப் பேசாமல் விட்டுவிடலாம் இல்லையா?’

அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஊரில் பத்துப் பேருக்கு இருக்கிறது என்பதால் உங்கள் கட்டி நல்ல கட்டி ஆகிவிடாது. யாருக்குமே இல்லை என்றாலும் அது கெட்ட கட்டி ஆகிவிடாது. உங்கள் விரலில் தட்டுப்படுவதும் ஸ்கேனில் தெரிந்ததும் ஒரே கட்டிதானா? அதற்குள் இருப்பது கொழுப்பு மட்டும்தானா? இந்த இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்று பதில் வந்துவிட்டால் நீங்கள் நிம்மதியாகக் கொழுந்து பறிக்கப் போகலாம். நான் குன்னூரில் 22 வருடமாக ஸ்கேன் பார்க்கும் டாக்டர். அறுவை செய்கிறவள் அல்ல. உங்களை நேரில் பார்க்காமல் உங்கள் கட்டி இன்னதுதான் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பொதுவாகத் தெரிந்ததையும், எதில் மருத்துவம் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்பதையும் பிரித்துச் சொல்கிறேன்.

மார்பு என்பதே பால் சுரப்பியும் நாரும் கொழுப்பும் கலந்த ஒன்று. சின்ன வயதில் சுரப்பி அதிகமாக இருக்கும். மாதவிலக்கு நிற்கிற வயதை ஒட்டிச் சுரப்பி சுருங்க, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். லிப்போமாவிலும் இருப்பது அதே கொழுப்புச் செல்கள்தான். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் பக்கத்தில் இருக்கிற சாதாரணக் கொழுப்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே ஒரு வேறுபாடு, அதைச் சுற்றி வெங்காயச் சருகு போல மெல்லிய உறை இருக்கும். இலவம்பஞ்சு மெத்தைக்குள், துணியில் சுற்றித் தைத்த பஞ்சு உருண்டை ஒன்று கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயும் பஞ்சு, வெளியேயும் பஞ்சு. துணியை வைத்துத்தான் உருண்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த உவமையை மறந்துவிடாதீர்கள், பின்னால் ஊசிப் பரிசோதனை பற்றிச் சொல்லும்போது மறுபடி வேண்டியிருக்கும்.

பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் கண்ணில் படும். மெதுவாக வளரும். பெரும்பாலானவை 5 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். அழுத்தினால் அமுங்கும், தள்ளினால் நழுவும், வலிக்காது. இது புற்றுநோயாக மாறாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கொழுப்புத் திசுவில் வரும் புற்றுநோய் ஒன்று தனியாக உண்டு, லிப்போசார்கோமா என்று பெயர். மார்பில் அது மிக மிக அரிது, லிப்போமா கெட்டுப்போய் அது வருவதும் இல்லை.

அடுத்து குளிர். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. மார்கழி, தை மாதத்தில் நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை அடுப்பு ஓரம் வைக்காமல் தலைக்குத் தேய்க்க முடியுமா? தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே வெள்ளையாக இறுகிவிடும். தலைக்குந்தாப் புல்வெளியில் உறைபனி விழுகிற காலையில் கேட்கவே வேண்டாம். அதைப் பார்த்துப் பார்த்து, உடம்புக்குள் இருக்கிற கொழுப்பும் அப்படித்தான் இறுகும் என்று பெரியவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஆனால் வெளியே நீர்ப்பனி விழும்போதும் உடம்பு தன் உள்சூட்டை 37 டிகிரியை ஒட்டியே காத்துக்கொள்ளும். சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் உள்ளே இருக்கும் மார்பு எண்ணெய்ப் பாட்டில் மாதிரி உறைவதில்லை. ஊட்டியில் லிப்போமா வருவது போலவே ராமநாதபுரத்து வெயிலிலும் வருகிறது.

நெய், வெண்ணெய், கறி தின்பதால் வருவதும் இல்லை. லிப்போமாவில் இருக்கும் கொழுப்பை உடம்பு தன் செலவுக்கு எடுத்துக்கொள்ளாது. எடை குறைந்து ஆள் மெலிந்தாலும் கட்டி அப்படியே நிற்கும்; சுற்றி இருந்த கொழுப்பு வற்றியதால் முன்னைவிட எடுப்பாகக்கூடத் தெரியும். ‘ஆறு மாசம் பட்டினி கிடந்தேன், இது பெரிசாயிடுச்சு டாக்டர்’ என்று ஒருவர் அழுதிருக்கிறார். கட்டி வளரவில்லை, அவர்தான் இளைத்திருந்தார். எடை கூடியவர்களுக்கு லிப்போமா அதிகம் வருமா என்பதில் ஒரே முடிவு கிடையாது. கொழுப்புச் செல்களுக்குள் என்ன நடக்கிறது என்பதில் ஓரளவு தெளிவு வந்திருக்கிறது: பல லிப்போமாக்களில் 12-ஆம் குரோமோசோமில் உள்ள எச்.எம்.ஜி.ஏ.2 என்ற மரபணுப் பகுதி இடம் மாறிக் கிடக்கிறது. பெரும்பாலும் அந்த ஒரு கட்டியின் செல்களில் மட்டும் நடக்கிற மாற்றம் அது. பிள்ளைகளுக்குப் போகிற சொத்து அல்ல.

‘அப்படியானால் அம்மாவுக்கும் சித்திக்கும் எப்படி?’ என்பீர்கள். நியாயமான கேள்வி. உடம்பில் எங்காவது ஒரு லிப்போமா இருப்பவர்கள் ஏறக்குறைய நூறில் ஒருவர் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. 300 பேர் இருக்கிற ஒரு ஹட்டியில் எந்த விசேஷக் காரணமும் இல்லாமலே மூன்று பேருக்கு இருக்கும். நகரத்தில் அந்த மூன்று பேரும் மூன்று தெருவில் இருப்பார்கள், ஒருவருக்கொருவர் முகம்கூடத் தெரியாது. நம் ஊரில் ஒருத்தி சித்தி, ஒருத்தி நாத்தனார், ஒருத்தி பெரியம்மா மகள். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எல்லோரும் ஒரு வாசலில் உட்கார்ந்து பேசும்போது ‘எனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு’ என்று வரும். உடனே அது நம் சமூகத்துக்கே உரியது போலத் தோன்றும். சின்ன ஊரில் எல்லோரும் உறவு என்பதால் எந்த நோயும் பரம்பரை நோய் மாதிரியே தெரியும்.

உண்மையிலேயே குடும்பத்தில் ஓடும் லிப்போமாக்களும் உண்டு, மறுக்கவில்லை. ஒருவருக்கே கை, தொடை, இடுப்பு என்று பத்து, இருபது முளைக்கும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அப்படியே இருந்திருக்கும். ஆண்களிடம் அதை அதிகம் காணலாம். உங்கள் சித்தியின் முன்கையில் இருக்கும் இரண்டை வைத்து மட்டும் அப்படிச் சொல்லிவிட முடியாது. இன்னொன்று, மிக அரிது, ஆனாலும் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு கேட்காது. கௌடன் நோய் என்று ஒரு மரபணுக் கோளாறு இருக்கிறது. அதில் லிப்போமாக்களோடு தைராய்டு கட்டி, வழக்கத்தைவிடப் பெரிய தலை, முகத்திலும் வாய்க்குள்ளும் சின்னச் சின்னப் பருக்கள் இவையும் சேர்ந்து வரும். அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் கூடுதல். உங்கள் வீட்டில் யாருக்காவது மார்பிலோ தைராய்டிலோ புற்றுநோய் வந்திருந்தால், கொழுப்புக் கட்டிகளோடு அதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி நீங்கள் வெளிப்படையாகக் கேட்ட கேள்வி: எந்த மக்களுக்கு அதிகம்? இனத்துக்கு இனம் மார்பு லிப்போமா கூடும், குறையும் என்று நம்பிச் சொல்லும்படியான கணக்கு மருத்துவத்தில் இல்லை. ஏன் என்று விளக்கினால்தான் இது மழுப்பல் இல்லை என்பது புரியும். ஒரு ஊரில் எத்தனை லிப்போமா என்று எதை வைத்து எண்ணுகிறார்கள்? பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்து லேபுக்குப் போன கட்டிகளை வைத்து. வலிக்காத, தொந்தரவு தராத கட்டியை எத்தனை பேர் அறுக்கப் போகிறார்கள்? போனாலும் எத்தனை டாக்டர்கள் ‘வேண்டாம், இருக்கட்டும்’ என்று அனுப்பிவிடுகிறார்கள்? அவர்கள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. பிரிட்டனில் 1988 முதல் மார்பகப் பரிசோதனைத் திட்டம் நடக்கிறது. 50 வயது முதல் 71 வயது வரை உள்ள பெண்களை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாமோகிராமுக்கு, அதாவது மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். விரலுக்கே தட்டுப்படாத லிப்போமா அங்கே படத்தில் விழும். நம் மலையில் அதே கட்டி சாகும்வரை யாருக்கும் தெரியாமல் இருக்கும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘வெள்ளைக்காரிகளுக்கு ஜாஸ்தி’ என்றால், அது கட்டியின் எண்ணிக்கை அல்ல, மாமோகிராம் மெஷினின் எண்ணிக்கை.

பெயர்க் குழப்பம் வேறு. சுரப்பியும் கொழுப்பும் கலந்து உறைக்குள் இருக்கும் கட்டியை ஒரு ஊரில் ஹமார்ட்டோமா என்பார்கள், இன்னொரு ஊரில் அடினோலிப்போமா என்பார்கள், மூன்றாவது ஊரில் லிப்போமாவோடு சேர்த்துவிடுவார்கள். உறை இல்லாமல் வெறும் கொழுப்புத் திரளாக எடுத்ததையும் சிலர் லிப்போமா என்றே எழுதிவிடுவது உண்டு.

மக்களுக்கு மக்கள் நோய் வேறுபடவே வேறுபடாது என்று சொல்ல வரவில்லை. அதற்கு நம் மலையே சாட்சி. லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில், சிவப்பணு அரிவாள் போல வளையும் அரிவாள் செல் தன்மை இருப்பதைப் பதிவு செய்தார்கள். இந்தியாவிலேயே அதைப் பற்றிய முதல் பதிவுகளில் அது ஒன்று. அங்கே வேறுபாடு உண்மையானது. ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதித்தால் இருக்கிறது, இல்லை என்று தெரிந்துவிடும். இருளர், பணியர், குறும்பர் மத்தியில் அது ஏன் அதிகம் என்பதற்கு மலேரியாவோடு சேர்ந்த காரணமும் இருக்கிறது. மார்புக் கட்டிகளிலேயே ஒன்றைச் சொல்வதானால் ஃபைப்ரோஅடினோமா: இளம்பெண்களுக்கு வரும், கெட்டியாக, கோலிக்குண்டு போல நழுவும் சாதுவான கட்டி. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு அது அதிகமாகவும் இளவயதிலும் வருவதை நன்றாகவே பதிவு செய்திருக்கிறார்கள். லிப்போமாவுக்கு அப்படி எதுவும் நிலைபெறவில்லை. ‘நம்ம ஜனங்களுக்கு ஜாஸ்தி’ என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை.

ஆண்களை மறந்துவிட்டுப் போகக்கூடாது. ஆணுக்கு மார்பு கொஞ்சம் வீங்குவது சகஜம். அதை விட்டுவிட்டுப் பார்த்தால், ஆண் மார்பில் வரும் கட்டிகளில் லிப்போமா முன்வரிசையில் நிற்கும். வெட்கப்பட்டுக்கொண்டு சட்டையைக் கழற்றவே யோசிப்பார்கள். ஆணுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும்; அந்த நோய் வருகிற நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண். உங்கள் வீட்டு ஆண்களுக்கு இப்படி ஏதாவது இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கேள்விக்குப் பதில். இனிச் சொல்லப் போவதுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது. ‘கொழுப்புக் கட்டி’ என்ற சொல் நம் மலையில் மிகவும் மலிவாகிவிட்டது. தோலுக்கடியில் எது தட்டுப்பட்டாலும் மருந்துக் கடையில் அதைத்தான் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்கிறார், சில சமயம் டாக்டரே ஜாக்கெட்டுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துச் சொல்லி அனுப்பிவிடுகிறார். எஸ்டேட் லைன் வீட்டில் இருந்த ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வயது 51. என்னிடம் வந்தபோது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சேலைத் தலைப்பை விலக்கியதும் ஜன்னல் வெளிச்சத்தில் தோல் ஒரு இடத்தில் கமலா ஆரஞ்சுத் தொலி போலக் குழிந்திருந்தது. ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ‘கொழுப்புக் கட்டின்னுதானே சொன்னாங்க?’ அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. மேலை நாடுகளைவிடப் பத்து வருடம் முன்னதாகவே, நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் நம் பெண்களுக்கு வருகிறது. லிப்போமா வருகிற வயதும் அதுவே.

அதனால்தான் மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்கிறோம்: கை சொல்வது, படம் சொல்வது, தேவைப்பட்டால் ஊசி சொல்வது. கைப் பரிசோதனையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி, ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து 20 வருடம் ஒரு ஆய்வு நடத்தியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில், 50 வயதைத் தாண்டிய பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இப்படிப் பார்க்க அரசுத் திட்டம் இருக்கிறது. கூச்சப்படாமல் போங்கள், பெண் செவிலியர் வேண்டும் என்று கேளுங்கள்.

ஸ்கேன் அறையில் நான் என்ன செய்வேன் என்று சொன்னால் உங்களுக்கு உதவும். குன்னூர்க் குளிரில் ஜெல்லை அப்படியே வைத்தால் ஆள் துள்ளி எழுந்துவிடுவார், அதனால் பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டு வைத்திருப்பேன். முதலில் ‘நீங்களே விரலை வைத்துக் காட்டுங்கம்மா’ என்பேன். படுத்தால் சிலருக்குக் கட்டி நழுவி மறைந்துவிடும். உட்கார வைத்துக் காட்டச் சொல்வேன். காட்டிய இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி மேல்தான் கருவியை வைப்பேன். லிப்போமா என்றால் சுற்றியுள்ள கொழுப்பின் அதே சாம்பல் நிறத்திலோ கொஞ்சம் வெளுப்பாகவோ, தோலுக்கு இணையாகப் படுத்தாற்போல் ஒரு நீள்வட்டம் தெரியும். உள்ளே தோலுக்கு இணையாக மெல்லிய கோடுகள், ஓரத்தில் நூல் போன்ற உறை. கருவியால் அழுத்தினால் கண்ணெதிரே தட்டையாகும், விட்டால் எழும்பும். கடினமான கட்டி இப்படி வளைந்து கொடுக்காது. புள்ளி வைக்காமல் மார்பு முழுக்கக் கருவியை ஓட்டிக்கொண்டு போனால், பஞ்சுக்குள் இருக்கும் பஞ்சு உருண்டையைத் தாண்டிப் போய்விடலாம். அதைவிட மோசம், வேறெங்கோ இருக்கும் ஒரு கொழுப்புத் திரளைப் பார்த்து லிப்போமா என்று எழுதிவிட்டு, விரலில் தட்டுப்பட்ட கட்டியைப் பார்க்காமலே விட்டுவிடலாம்.

உங்கள் வயதில் மாமோகிராமும் எடுத்துவிடுவது நல்லது. அந்தப் படத்தில் கொழுப்பு கறுப்பாக விழும், சுரப்பியும் புற்றுநோயும் வெள்ளையாக விழும். முழுக்கக் கறுப்பாக, சுற்றிலும் பென்சில் கோடு போல மெல்லிய வெள்ளை விளிம்போடு ஒரு வட்டம் தெரிந்தால் அது லிப்போமா. அதற்கு மேல் ஊசியும் வேண்டாம், சதைப் பரிசோதனையும் வேண்டாம். ரிப்போர்ட்டில் ‘பைராட்ஸ் 2’ என்று இருக்கும். சாதுவானது, சந்தேகம் இல்லை என்று அர்த்தம். மாமோகிராமுக்காக மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். ஊட்டியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

ஊசிப் பரிசோதனை செய்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரிப்போர்ட்டில் ‘கொழுப்பு மட்டுமே இருந்தது’ என்று வந்தால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். மெத்தை உவமையை நினைத்துப் பாருங்கள். ஊசி உருண்டைக்குள் போயிருந்தாலும் பஞ்சுதான் வரும், உருண்டையைத் தவறவிட்டு மெத்தையில் குத்தியிருந்தாலும் பஞ்சுதான் வரும். படத்தில் தெளிவான லிப்போமாவும் ஊசியில் கொழுப்பும் என்றால் சரி, ஒத்துப்போகிறது. கையில் கெட்டியாக ஒரு கட்டி, ஊசியில் வெறும் கொழுப்பு என்றால் ஒத்துப்போகவில்லை. ஸ்கேன் பார்த்துக்கொண்டே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். மேலே மெத்தென்றும் அடியில் கடினமாகவும் தட்டுப்பட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். அடியில் இருக்கும் சின்னப் புற்றுநோய் தன்னைச் சுற்றியுள்ள கொழுப்பை இழுத்துத் திரட்டி, மேலே லிப்போமா போலக் காட்டுவது உண்டு; பழைய அறுவை மருத்துவர்கள் இதைப் போலி லிப்போமா என்பார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. விறகுக் கட்டு இறக்கும்போது மார்பில் பலமாக இடித்துக்கொண்ட ஒரு பெண், நான்கு மாதம் கழித்துக் கல் போன்ற கட்டியோடு வந்தார். தோல்கூடக் கொஞ்சம் இழுத்திருந்தது. வீட்டில் எல்லோரும் புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். மாமோகிராமில் கறுப்பு வட்டம், ஓரத்தில் முட்டை ஓடு போலச் சுண்ணாம்பு. அடிபட்ட கொழுப்பு செத்து எண்ணெயாகி உறைக்குள் தேங்கிய நிலை அது. இதுவும் சாதுதான். ஆனால் இது லிப்போமா இல்லை. சில சமயம் படத்திலும் புற்றுநோய் போலவே இருந்து சதை எடுத்துப் பார்த்த பிறகுதான் தெளியும். அடிபட்டது உண்டா என்று யோசித்துச் சொல்லுங்கள். அக்குளிலேயே இருக்கும் வீக்கம் என்றால் அது கூடுதல் பால் சுரப்பித் திசுவாக இருக்கலாம். மாதவிலக்கை ஒட்டியோ கர்ப்பத்திலோ பெருத்திருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். நிணநீர் முடிச்சு, காசநோய்க் கட்டி இவையும் அதே இடத்தில் வரும்.

எடுக்க வேண்டுமா? லிப்போமா என்று உறுதியாகிவிட்டால் வேண்டியதில்லை. 5 சென்டிமீட்டருக்கு மேல் போனால், சில மாதங்களிலேயே கண்ணுக்குத் தெரியும்படி வளர்ந்தால், வலித்தால், படத்தில் சந்தேகம் இருந்தால், அல்லது அது இருப்பதே உங்களுக்கு மன உளைச்சலாக இருந்தால் எடுக்கலாம். கடைசிக் காரணமும் நியாயமான காரணம்தான், அதற்காக யாரிடமும் வெட்கப்பட வேண்டாம். சிறியது என்றால் மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உறையோடு முழுதாக எடுத்தால் திரும்ப வருவது குறைவு. எடுத்த கட்டியை ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்பினார்களா என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள். ‘பார்த்தாலே தெரியுது, கொழுப்புதான்’ என்று சொன்னாலும் அனுப்பச் சொல்லுங்கள்.

உப்பு ஒத்தடம், விளக்கெண்ணெய்க் கட்டு, எருக்கம்பால், சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்த பற்று எதுவும் லிப்போமாவைக் கரைக்காது. சூடு பொறுக்காமல் மார்புத் தோல் கொப்பளித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுத்தித் தேய்த்து விடுவதும் வேண்டாம். கொழுப்பைக் கரைக்கும் ஊசி என்று விளம்பரம் பார்த்துவிட்டு மார்பில் போட்டுக்கொள்ளாதீர்கள். உள்ளே தழும்பு விழுந்துவிட்டால் பிறகு படத்தில் எதையும் பிரித்தறிவது கஷ்டம்.

கட்டி கல் மாதிரி இறுகினால், இடம் விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டால், தோல் குழிந்தால், முலைக்காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டால், அதிலிருந்து ரத்தம் கசிந்தால், அக்குளில் வேறு கட்டி வந்தால், ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். தேயிலை சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இப்போதைக்கு உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: கட்டி எந்த மார்பில், கடிகார முள் கணக்கில் எத்தனை மணித் திசையில், காம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்பது, அதன் நீள அகலம், பைராட்ஸ் எண். இடது மார்பில், அக்குள் பக்கம் மேலே என்றால் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் எழுதியிருக்க வேண்டும். வேறு திசை எழுதியிருந்தாலோ, எதுவுமே எழுதாமல் ‘லிப்போமா’ என்ற ஒரு சொல்லோடு முடித்திருந்தாலோ, ஸ்கேன் எடுத்த இடத்துக்கே போய், விரலை வைத்துக் காட்டி, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அந்த வரிகளை அப்படியே இங்கே எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன். உங்கள் பெயரும் ஆஸ்பத்திரி பெயரும் வேண்டாம்.